கேஸ் கட்டின் மேல் விழுந்த சொட்டு: ஓர் எபோனைட் பேனாவின் மைக்கசிவும் அதைச் சரிசெய்த வரலாறும்

பின்னணி

சித்திரை மாதத்தின் தொடக்கத்தில், திருச்சியில் தொழில் செய்யும் வழக்கறிஞர் ஒருவர் தம் தந்தையின் மைப்பேனாவை என்னிடம் கொண்டுவந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். மனு, வாதக்குறிப்பு எதுவானாலும் முதலில் கையால் எழுதி, பிறகே தட்டச்சுக்குக் கொடுக்கும் பழக்கம் உள்ளவர். தந்தை பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் மறைந்த பின் இரண்டாண்டுகள் மேசை அறையில் கிடந்த பேனாவை மகன் எடுத்து எழுதத் தொடங்கி ஆறு மாதங்கள் ஆகியிருந்தன. அந்த ஆறு மாதமும் அது கக்கிக்கொண்டேதான் இருந்தது என்றார்.

பேனா பழுதுபார்ப்பது எனக்குப் பிழைப்பு அன்று. ஓய்வு நேர வேலை. வீட்டின் பின்கட்டில் ஒரு மேசை, ஒரு நகை எடைத் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்று, சில குறடுகள், இவ்வளவுதான் என் பட்டறை. வரும் ஒவ்வொரு பேனாவுக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கிக் கண்டதை எழுதிவைப்பேன். இந்தப் பேனாவுக்கு நான்கு பக்கங்கள் ஆயின. முதல் முறை நான் செய்த முடிவு தவறாகப் போனதே அதற்குக் காரணம் என்பதால், அந்தத் தவறையும் சேர்த்தே இங்கே பதிவுசெய்கிறேன்.

கொடுக்கும்போது அவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். "சார், என்ன வேணா பண்ணுங்க, நிப்பை மட்டும் மாத்திடாதீங்க. அது அப்பா கைக்குப் பழகின நிப்பு." கண்ணாடியில் பார்த்தபோது அவர் சொன்னதன் பொருள் தெரிந்தது. நிப்பின் முனை இடப்பக்கம் சற்றே சாய்வாகத் தேய்ந்து, ஒரே கோணத்தில் பல்லாண்டு எழுதிய கையின் தடத்தைக் காட்டியது. மகனும் ஏறக்குறைய அதே சாய்வில் பேனாவைப் பிடிப்பவர்.

பேனாவின் அமைப்பு

கறுப்பு எபோனைட்டில் கடைசல் பிடித்த பெரிய பேனா அது. இயற்கை ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூட்டில் பதப்படுத்தினால் கிடைக்கும் கெட்டியான பொருளே எபோனைட். ராஜமுந்திரி, சென்னை, திருவள்ளூர் ஆகிய ஊர்களில் இன்றும் இதில் கையால் பேனா கடைகிறார்கள். உள்ளே ரப்பர்ப் பையோ, மை இழுக்கும் உருளையோ கிடையாது. கழுத்தைத் திருகிக் கழற்றி, இங்க் ஃபில்லரால் பேனாவின் உடலுக்குள்ளேயே நேரடியாக மை ஊற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றி அளந்ததில் சரியாக 3 மி.லி. கொண்டது.

இவ்வகைப் பேனாவில் மை வெளியே போவதற்கு நியாயமான வழி ஒன்றே. நிப்புக்கு அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும் கட்டையில் ஒரு மெல்லிய வாய்க்கால் வெட்டப்பட்டிருக்கும். அதன் வழியே மை இறங்க, இறங்கிய அளவுக்குக் காற்று அதே வழியில் உள்ளே ஏறும். நியூயார்க்கில் வாட்டர்மேன் 1884-இல் காப்புரிமை பெற்ற கட்டையும் இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒழுங்குபடுத்தியதுதான். உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைந்திருக்கும் வரையில், தலைகீழாகப் பிடித்தாலும் மை கொட்டாது. உறிஞ்சுகுழாயின் மேல்வாயை விரலால் அடைத்தால் உள்ளிருக்கும் இளநீர் விழாமல் நிற்பதைப் போன்றதே இது. விரலைச் சற்று விலக்கினால், அதாவது வேறோர் இடுக்கு வழியாகக் காற்று நுழைந்தால், பிடி விட்டுப்போகும்.

இதை விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. கழுத்தும் உடலும் சேரும் பொருத்தில் இடுக்கு இருந்தால், அங்கே மட்டும் கசியும் என்று நினைப்போம். உண்மையில் அந்த இடுக்கு வழியே காற்று உள்ளே போவதால் நிப்பிலும் மை சொட்டும். ஆகவே நிப்பில் சொட்டுவதைக் கண்டு நிப்பையே குற்றம் சொல்ல முடியாது. இந்த அறிவுதான் என்னை முதல் முறை ஏமாற்றியது.

முதலில் கண்டவை

பேனா வந்த அன்று அதைக் கழற்றவில்லை. கசிகிற பேனாவைக் கையில் வாங்கியதும் பிரித்துப்போடுவது, எங்கே கசிந்தது என்னும் சாட்சியத்தை நாமே அழித்துவிடுவதற்குச் சமம். மூடியின் உட்புறத்தை முறுக்கிய டிஷ்யூ தாளால் துடைத்தபோது உலர்ந்த மை நிறையவே வந்தது. கழுத்தும் உடலும் சேரும் கோட்டில் கருநீல வளையம் ஒன்று படிந்திருந்தது. அவருடைய நடுவிரலின் பக்கவாட்டில் இருந்த கறையும் அதே இடத்துக்கு நேராக வந்தது.

அடுத்து, பேனாவில் கழுவினால் எளிதில் போகும் நீல மையை முழுக்க ஊற்றி, வெளிப்புறத்தை உலரத் துடைத்து, பொருத்தைச் சுற்றி ஒரு டிஷ்யூப் பட்டையும் நிப்பின் அடியைச் சுற்றி இன்னொரு பட்டையும் கட்டி, நிப்பு கீழே இருக்குமாறு கண்ணாடிக் குவளையில் அரை மணி நேரம் நிறுத்தினேன். பொருத்தில் கட்டிய பட்டை சுற்றிலும் நீலமாயிற்று, எடை 0.06 கிராம் கூடியிருந்தது. நிப்படியில் இருந்த பட்டையிலும் ஒரு புள்ளி தெரிந்தது, ஆனால் பெரிதன்று.

கழுத்தைக் கழற்றியதும் காரணம் கண்முன் வந்து நின்றதுபோல் இருந்தது. மரைகளுக்கு இடையே தையல் நூல் சுற்றப்பட்டிருந்தது. பள்ளி நாட்களில் மைப்பேனா வைத்திருந்த யாருக்கும் இந்த வைத்தியம் தெரியும்: மரை தளர்ந்தால் நூலைச் சுற்று, அல்லது பாலிதீன் தாளைக் கிழித்து வைத்து இறுக்கு. சுற்றியவர் தந்தையா, அதற்கு முன் பார்த்த பழுதுகாரரா என்பது தெரியவில்லை. ஊசி முனையால் மெதுவாகப் பிரித்தபோது பதினான்கு சுற்று வந்தது. நூலின் வெளிநுனி, பொருத்தின் விளிம்புக்கு வெளியே அரை மில்லிமீட்டர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மெழுகு பூசாத பருத்தி நூல் மையை அடைக்காது. அகல்விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் இழுத்து வெளியே விடும். கசிவை நிறுத்தச் சுற்றிய நூலே கசிவுக்கு வழியாகியிருந்தது. நூலின் மேல் எப்போதோ தடவிய வாசலின் களிம்பு, மையோடு குழைந்து கரும்பசையாக மரையின் அடியில் ஒட்டியிருந்தது. நம் ஊர்க் கோடையில் இக்களிம்பு இளகி மைக்குள் இறங்கும். இறங்கினால் நிப்பு நடுநடுவே எழுதாமல் விட்டுவிட்டு ஓடும்.

பக்கவாட்டில் டார்ச் ஒளி விழச்செய்து உடலின் வாய் விளிம்பைச் சுற்றிப் பார்த்தேன். மயிரிழை வெடிப்பு எதுவும் இல்லை. நிப்பைக் குழல்விளக்குக்கு எதிரே பிடித்துப் பக்கவாட்டில் நோக்கியபோது, நிப்புக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. பேருந்துப் பயணச்சீட்டு ஒன்றின் மூலையை அந்த இடுக்கில் செருகினேன், 6 மி.மீ. வரை தடையின்றிப் போயிற்று. நோட்டில் "நிப்பு கட்டையை விட்டுச் சற்று எழும்பியுள்ளது" என்று ஒரு வரி எழுதிவைத்தேன். எழுதினேனே தவிர, அதைப் பொருட்படுத்தவில்லை.

முதல் பழுதுபார்ப்பு

அன்றைய என் தீர்மானம் இதுதான்: பொருத்தை அடைத்தால் காற்று புகாது; காற்று புகாவிட்டால் நிப்பிலும் சொட்டாது; ஆகவே பொருத்து ஒன்றே வேலை. நிப்பைத் தொட வேண்டாம் என்னும் அவருடைய நிபந்தனையும் இந்த முடிவுக்குச் சாதகமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாற்றாதே என்று அவர் சொன்னதை, தொடாதே என்று நான் எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன்.

பழைய பல்துலக்கியும் பாத்திரச் சோப்பு ஒரு சொட்டுக் கலந்த தண்ணீரும் கொண்டு மரைகளைச் சுத்தம் செய்தேன். முதல் இரண்டு மரைகள் மழுங்கியிருந்தன. மற்றவை நன்றாகப் பிடித்தன. இப்பேனாக்களில் மையைத் தடுப்பது மரை மட்டுமன்று, கழுத்தின் தோளும் உடலின் வாய் விளிம்பும் சுற்றிலும் ஒட்டி நிற்பதும்தான். விளிம்பில் மெல்லியதாக மையைத் தொட்டு, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நேராக அழுத்தி எடுத்தபோது, முழு வட்டம் பதியாமல் நான்கில் மூன்று பங்கே பதிந்தது. ஆயிரத்து ஐந்நூறாம் நம்பர் உப்புத்தாளை அக்கண்ணாடியின் மேல் விரித்து நனைத்து, உடலின் வாயை எட்டுப் போடுவதுபோல் இருபது முறை தேய்த்து மறுபடி பதித்தேன். இம்முறை வட்டம் முழுமையாக விழுந்தது.

பசை போட்டு அடைப்பது பற்றி யோசிக்கவே இல்லை. மை ஊற்ற ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டிய பொருத்தில் பசைக்கு இடமில்லை. கடுகளவு சிலிக்கோன் கிரீஸை மரையில் தடவி, விரல் இறுக்கத்துக்கு மூடினேன். அது சூட்டில் இளகுவதில்லை, மையில் கரைவதும் இல்லை.

அதே டிஷ்யூச் சோதனையை மீண்டும் செய்தேன். அரை மணி நேரம், இரண்டு மணி நேரம், ஓர் இரவு. பட்டை வெள்ளையாகவே இருந்தது. இரண்டு நாள் நானே அதில் எழுதினேன். மை நிறைந்திருந்தபோதும் கால் பங்காகக் குறைந்தபோதும் ஒரு சொட்டும் விழவில்லை. சரியாகிவிட்டது என்று சொல்லி பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆறாம் நாள்

ஆறாம் நாள் அவர் திரும்பி வந்தார். விரலில் கறை இல்லை; பொருத்து காய்ந்திருந்தது. ஆனால் நிப்பிலிருந்து முழுச் சொட்டாக விழுகிறது என்றார். ஆறு நாளில் ஐந்து முறை. அவற்றில் ஒன்று, கட்சிக்காரர் கொடுத்த அசல் பத்திரத்தின் ஓரத்தில் விழுந்து, அதை அவர் அவசரமாக உறிஞ்சுதாள் வைத்து ஒற்றியெடுத்திருக்கிறார். நல்லவேளையாக எழுத்தின் மேல் படவில்லை.

அவரை உட்காரவைத்து, முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை அப்போதுதான் கேட்டேன். எப்போது விழுகிறது, எழுதும்போதா?

"எழுதுறப்ப ஒண்ணும் பண்ணாது சார். கேஸ் கட்டைப் படிச்சுக்கிட்டே பேனாவைக் கையில வெச்சிருப்பேன். அப்பத்தான் சொட்டும்."

மை ஊற்றிய அன்றா, சில நாள் கழித்தா? ஊற்றிய இரண்டு மூன்று நாள்வரை ஒழுங்காக இருக்கும், அதன் பிறகே தொடங்கும் என்றார். எங்கே உட்கார்ந்து படிப்பீர்கள்? தம் அலுவலக அறையில். ஏசி உண்டா? உண்டு, காலை ஒன்பது மணிக்குப் போட்டால் கோர்ட்டுக்குக் கிளம்பும்வரை ஓடும். பேனா இரவில் வீட்டுக்கு வருவதில்லை, அந்த மேசை மேலேயே கிடக்கும்.

இந்த மூன்று விடைகளையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோது, என் மேசையில் அந்தப் பேனா ஏன் கக்கவில்லை என்பது விளங்கத் தொடங்கியது. என் பின்கட்டில் ஏசி கிடையாது. சித்திரையில் அங்கே நிழலிலேயே 34, 35 டிகிரி இருக்கும். என் உள்ளங்கையும் பேனாவும் அறையும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்த இடத்தில், கைச்சூட்டால் வரும் கோளாறு எப்படித் தெரியும்?

அவருடைய அறையில்

மறுநாள் காலை அவருடைய அலுவலகத்துக்கே போனேன். ஏசி 24 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. மேசை மேல் நான் வைத்த வெப்பமானியும் அதையே காட்டியது. பேனாவில் அரை மி.லி. மை மட்டும் விட்டு, ஒரு மணி நேரம் மேசையில் கிடக்கவிட்டோம். பிறகு அவர் வழக்கம்போல் அதைக் கையில் எடுத்து, முனை கீழ்நோக்கியிருக்க, ஒரு கேஸ் கட்டைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினார். நான் எதிரே உட்கார்ந்து நிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நிமிடத்தில் நிப்பின் அடியில் ஈரம் பளபளத்தது. ஐந்தாம் நிமிடத்தில் நிப்புக்கும் கட்டைக்கும் இடையே மை கோத்து, மழைக்குப் பிந்திய ஓட்டு விளிம்பில் நீர் தொங்குவதுபோல் குண்டாகத் தொங்கியது. ஏழாம் நிமிடத்தில், அவர் பக்கத்தைப் புரட்டக் கையை அசைத்ததும் விழுந்தது. அடியில் வைத்திருந்த தாளில் நான்கு மணிநேரம் எழுதப் போதுமான மை கொட்டியதுபோல் தோன்றினாலும், தாளை எடைபோட்டதில் 0.05 கிராம்தான், ஒரு சொட்டு. பொருத்து முழுக்கக் காய்ந்திருந்தது. பேனாவை மை முழுக்க நிரப்பி மறுபடி ஒரு மணி நேரம் குளிரவைத்து அதையே செய்தபோது, பதினைந்து நிமிடம் ஆகியும் எதுவும் விழவில்லை.

கணக்கு

உடலில் அரை மி.லி. மை இருந்தால் எஞ்சிய 2.5 மி.லி. இடத்தில் காற்று இருக்கிறது. அது 24 டிகிரியிலிருந்து 31 டிகிரிக்குச் சூடேறினால், காற்றின் விரிவு மட்டுமே சுமார் 2.4 விழுக்காடு. இதோடு ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மூடிய கூட்டுக்குள் மைக்கு மேலிருக்கும் காற்று ஈரம் நிறைந்தது. சூடு ஏற ஏற நீராவியின் பங்கும் கூடும். அதனால் மேலும் ஒன்றரை விழுக்காடு சேர்கிறது. ஆக ஏறத்தாழ 4 விழுக்காடு. 2.5 மி.லி. காற்றுக்கு அது 0.1 மி.லி., ஏறக்குறைய இரண்டு சொட்டு. விரிந்த காற்றுக்கு இடம் வேண்டும். முனை கீழ்நோக்கி இருக்கையில் வாய்க்காலை அடைத்து நிற்பது மைதான். அதைத்தான் காற்று வெளியே தள்ளும். மை நிறைந்த பேனாவில் காற்று 0.3 மி.லி.தான் என்றால், தள்ளப்படுவது கால் சொட்டுக்கும் குறைவு. அதைக் கட்டையே தாங்கிக்கொள்ளும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது ஏன் விழவில்லை என்பதும் இதிலேயே அடங்கும். தள்ளப்படும் மை அவ்வப்போது தாளுக்குப் போய்விடுகிறது. சற்று அடர்த்தியாக எழுதுவதாக மட்டும் தோன்றும். கையில் சும்மா பிடித்திருக்கும்போதுதான் அது சேர்ந்து சொட்டாகிறது.

இவ்வளவும் எபோனைட் பேனாவின் இயல்பு என்று சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம்; அப்படிச் சொல்லி அனுப்புபவர்களும் உண்டு. ஆனால் எதிரே உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெளிவாகியிருந்தது. தள்ளப்பட்ட மை சேர்ந்தது முழுவதும், பயணச்சீட்டு நுழைந்த அந்த இடுக்கில்தான். நிப்பு கட்டையோடு ஒட்டியிருந்தால் மை படலமாகப் பரவி நின்றிருக்கும்; எழும்பியிருந்ததால் அங்கே ஒரு குளம் கட்டியது. அந்த அகன்ற இடைவெளியில் காற்றும் தாராளமாக நுழைவதால், மையை இழுத்துப் பிடிக்கும் பிடியும் தளர்ந்திருந்தது.

இரண்டாம் முறை எடுத்த முடிவுகள்

மூன்று வழிகளை அவர் முன் வைத்தேன். முதலாவது, கழுத்தையே புதிதாகக் கடைந்து, மை இழுக்கும் கன்வெர்ட்டர் பொருத்துவது. காற்றின் அளவு வெகுவாகக் குறையும். கோளாறு அநேகமாகத் தீரும். ஆனால் தந்தையின் விரல் பட்டுத் தேய்ந்த கழுத்து போய்விடும். அவர் உடனே மறுத்தார். இரண்டாவது, கூடுதல் மையைத் தாங்கும் பல மடிப்புகள் கொண்ட வேறு கட்டையைப் பழைய நிப்புக்கு அடியில் வைப்பது. இதை அவர் மறுக்கவில்லை, தள்ளிவைத்தார். மூன்றாவது, இருக்கும் கட்டையை நிப்போடு ஒட்டவைத்து, பேனாவைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் நிரப்புவது. இதையே தேர்ந்தோம்.

பழைய கட்டையில் இருக்கும் ஐந்து வெட்டுகளை நகைத் தொழிலாளியின் அரத்தால் ஆழப்படுத்தினால் கூடுதல் மையைத் தாங்காதா என்று நானும் ஓர் இரவு யோசித்தேன். 0.3 மி.மீ. அகலம், 1 மி.மீ. ஆழம், 4 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால் ஒரு வெட்டில் 0.0012 மி.லி.; ஐந்திலும் சேர்த்து 0.006 மி.லி. தள்ளப்படுவதோ 0.1 மி.லி. குடத்தை ஏந்தச் சங்கை நீட்டுவதற்கு நிகரான இந்த வேலைக்காக, திரும்பக் கிடைக்காத கட்டையை வெட்டக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

எபோனைட் சூட்டில் இளகி, குளிர்ந்தால் அந்த வடிவிலேயே நிற்கும் தன்மையது. ஆகவே கொதித்த நீரைக் குவளையில் ஊற்றி, 85 டிகிரிக்கு இறங்கியதும் நிப்பையும் கட்டையையும் முப்பது விநாடி அமிழ்த்தி, வெளியே எடுத்த நொடியில் துணி சுற்றிய கட்டைவிரலால் கட்டையை நிப்பை நோக்கி அழுத்தி, அப்படியே குளிர்ந்த நீரில் பிடித்தேன். முதல் முறைக்குப் பின் பயணச்சீட்டு 3 மி.மீ. நுழைந்தது. இரண்டாம் முறைக்குப் பின் ஒன்று. மூன்றாம் முறைக்குப் பின் சீட்டின் மூலை மடங்கியதே தவிர உள்ளே போகவில்லை. வெளிச்சக் கோடும் மறைந்தது. அதற்கு மேல் அழுத்தக் கூடாது. கட்டை நிப்பின் பிளவைக் கீழிருந்து விரித்துவிட்டால் எழுத்தே கெட்டுவிடும்.

இதில் ஒரு சேதம் நேர்ந்தது. மூன்றாம் முறை அமிழ்த்தியபோது கவனக்குறைவாகக் கழுத்தின் விளிம்பும் இரண்டு மில்லிமீட்டர் நீரில் இறங்கிவிட்டது. பழைய எபோனைட்டில் வெந்நீர் பட்டால் கறுப்பு போய்ப் பழுப்பேறும் என்பது தெரிந்தே இருந்தும் நடந்த பிழை. உலர்ந்த பின் கழுத்தின் ஓரத்தில் காய்ந்த வேப்பிலை நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. தேய்த்து மெருகேற்றினால் போகும். ஆனால் அதோடு பழைய தேய்மானமும் போகும். அவரிடம் காட்டி, நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்றார்.

சோதனைக்கு மறுபடியும் அவர் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை. பேனாவைப் பாலிதீன் உறையில் இறுகச் சுற்றி, வீட்டு மண்பானைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டுவைத்தேன். தண்ணீர் 26 டிகிரி இருந்தது. வெளியே எடுத்துத் துடைத்து, முனை கீழ்நோக்கியிருக்கக் கையில் பிடித்தால் அவருடைய அறையில் நடப்பது ஏறக்குறைய அப்படியே நடக்கும். பாதி மையில் இருபது நிமிடம் பிடித்தும் நிப்படி பளபளத்ததோடு நின்றது. கால் பங்கு மையில் பதினான்காம் நிமிடத்தில் ஒரு சொட்டுத் தொங்கியது, விழவில்லை.

பேனாவோடு ஒரு துண்டுத் தாளில் இரண்டே குறிப்புகள் எழுதிக்கொடுத்தேன். பாதிக்குக் கீழே இறங்குமுன் மை ஊற்றுக, அதாவது அவருடைய கணக்கில் இரண்டு நாளுக்கு ஒரு முறை. காலையில் பேனாவை எடுத்ததும் நிப்பு மேல்நோக்கியிருக்க மூன்று நிமிடம் உள்ளங்கையில் வைத்திருந்து, பிறகு எழுதத் தொடங்குக. நிப்பு மேலே இருந்தால் வாய்க்காலருகே மை இராது. விரியும் காற்று தானே வெளியேறிவிடும்.

பின்தொடர்ந்தவை

சித்திரையிலிருந்து ஆவணிவரை நான்கு மாதம் அவர் மேசை நாட்காட்டியில் சொட்டு விழும் நாட்களில் ஒரு நீலப் புள்ளி வைத்துவந்தார். மொத்தம் இரண்டு புள்ளிகள். இரண்டும் மை ஊற்ற மறந்து கால் பங்குக்குக் கீழே இறங்கிய நாட்கள். பொருத்தில் கசிவு திரும்பவில்லை. ஆடியில் ஒரு முறை கிரீஸைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். மூடிக்குள் மை படிவதும் நின்றது. மூன்று நிமிடம் கையில் வைத்திருக்கும் வேலை தமக்கு ஒத்துவரவில்லை என்றும், அதற்குப் பதிலாகப் பேனாவை மேசையில் போடாமல் சட்டைப் பையிலேயே நிப்பு மேலாகச் செருகிக்கொள்வதாகவும் சொன்னார். உடல் சூட்டிலேயே பேனா இருப்பதால் பலன் அதேதான். என் யோசனையைவிட அது மேல்.

மறுபடி செய்தால்

நூலைக் கண்ட மகிழ்ச்சியில் தேடுவதை நிறுத்தியிருக்க மாட்டேன். கண்ணுக்குத் தெரிந்த முதல் காரணம் உண்மையானதாகவே இருந்தது. அதை நீக்கியதும் சரி. ஆனால் ஒரு பேனாவில் ஒரே காரணம்தான் இருக்க வேண்டும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. நிப்பு எழும்பியிருப்பதை நோட்டில் எழுதிய அன்றே, பொருத்தை அடைத்த பின் அதைத் தனியாகச் சோதித்திருக்க வேண்டும்.

பேனா வந்தவுடன், எழுதும்போதா சும்மா இருக்கும்போதா, மை நிறைந்திருக்கையிலா குறைந்திருக்கையிலா, எந்த அறையில் என்று கேட்டிருப்பேன். இப்போது நோட்டின் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் இந்த மூன்றுக்கும் வரி விட்டிருக்கிறேன். அண்மையில் வந்த ஒரு மாணவியின் பேனாவுக்கு மூன்றாம் வரியில் "தேர்வு அறை, மின்விசிறி மட்டும்" என்று எழுதியதும் சூட்டுச் சோதனையை ஒதுக்கிவிட்டு நேரே வெடிப்பைத் தேட முடிந்தது. அது கழுத்தில் இருந்தது.

சூடேற்றும்போது கழுத்தின் விளிம்புவரை மெழுகுத்தாள் சுற்றிக்கொள்கிறேன். குவளையில் நீரின் ஆழத்தை நிப்பின் நீளத்துக்கு மேல் வைப்பதில்லை.

இரண்டாவது வழி இன்னும் முடிவாகவில்லை. கடைசல் தெரிந்த ஒருவர், பழைய கட்டையை அளவெடுத்து, ஆழமான மடிப்புகளோடு எபோனைட்டில் ஒன்று செய்துதர ஒப்புக்கொண்டிருக்கிறார். பழையதை ஒரு டப்பியில் பத்திரப்படுத்திவிட்டுப் புதியதை மாட்டிப் பார்க்கலாம் என்று வழக்கறிஞரிடம் சொல்லியிருக்கிறேன். கோர்ட் விடுமுறையில் பார்ப்போம் என்கிறார்.